பழைய ரைபிளை எங்கே பார்க்க வேண்டும்?

பழைய ரைபிள் ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் மூன்று காரியங்களைத்தான் செய்கிறார்கள். தோளில் ஏற்றிக் குறிபார்க்கிறார்கள். பிறகு மரத்தைத் தடவுகிறார்கள். குழலின் முனையைக் கண்ணருகே கொண்டுவந்து உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். முதல் இரண்டாலும் எதுவும் தெரியவராது. மூன்றாவதை எந்தத் துவக்கிலும், வெறும் துவக்கு என்று சத்தியம் செய்து கொடுத்தாலும், யாரும் செய்யக்கூடாது.

பார்க்க வேண்டிய இடம் வேறு. சுடும்போது உங்கள் கன்னம் மரத்தில் அழுந்தியிருக்கும். அங்கிருந்து ஒரு சாண் தூரத்தில், தோட்டா உட்காரும் அறைக்குள், சதுர அங்குலத்துக்கு 40,000 இறாத்தலுக்கு மேலான அழுத்தம் கணப்பொழுதில் எழும். அந்த அழுத்தத்தைப் பின்னால் வரவிடாமல் அடைத்து நிற்பது போல்ட் என்கிற இரும்புத் தண்டு மட்டும்தான். கதவுத் தாழ்ப்பாளைப் போலத் தள்ளிக் கீழே மடக்கிப் பூட்டுகிறோமே, அதுதான். ரைபிளின் முன்பக்கம் கெட்டிருந்தால் குறி தவறும். பின்பக்கம் கெட்டிருந்தால் கண் போகும். ஆகவே பழைய ரைபிள் பார்க்கப் போகிறவர் பின்பக்கத்தில் தொடங்க வேண்டும். பிளேன்டீ ஒன்றை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கண்டியில் இருந்துகொண்டு இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். இந்த மலைகளுக்கும் துவக்குக்கும் உள்ள பழக்கம் நீண்டது. கண்டி இராச்சியத்துக் கொல்லர்கள் தாங்களே துவக்கு செய்தவர்கள். பிடியின் அடி இரண்டாகப் பிளந்து சுருண்டிருக்கும் அவர்களுடைய துவக்குகளை இன்றும் அருங்காட்சியகங்களில் காணலாம். 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையிலிருந்து கொண்டுபோன லெவ்கே திசாவையின் சிறு பீரங்கி, 2023இல்தான் நெதர்லாந்திலிருந்து கொழும்புக்குத் திரும்பி வந்தது. பிறகு கோப்பித் தோட்டத் துரைமார் வந்தார்கள், அவர்களுக்குப் பின் தேயிலைத் துரைமார். சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் குடியேறி யானை வேட்டையாடிய காலத்தில் வேட்டைக்காரர் கையில் போல்ட் ரைபிள் கிடையாது. வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற துவக்குகள்தான். இன்று நாம் காணும் வகைப் போல்ட் ரைபிள்கள் அந்த நூற்றாண்டின் கடைசியில் வந்தவை. இங்கிலாந்தின் லீ-என்பீல்ட் 1895இலும் ஜெர்மனியின் மவுசர் 1898இலும் வந்தன. உலகமெங்கும் பழைய வேட்டை ரைபிள் என்று கைமாறுகிறவற்றில் பெரும்பகுதி இந்த இரண்டு குடும்பங்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்தான். ஜிம் கோர்பெட்டுக்கு 1907இல் சம்பாவத் புலியைச் சுட்டதற்காகப் பரிசளித்த .275 ரிக்பியும் மவுசர் வகைதான். நம் பொலிஸார் நெடுங்காலம் தோளில் சுமந்தது .303 லீ-என்பீல்ட்.

இரும்பைத் தொடுவதற்கு முன் கடதாசியைப் பார்க்க வேண்டும். இலங்கையில் துவக்குக்கான சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலன் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரம் ஆண்டுக்கொன்று, டிசம்பர் 31உடன் காலாவதியாகும். பயிர்க் காவலுக்கான சொட்கன் என்றால் மாவட்டச் செயலகத்தில், நம் ஆட்கள் இன்னும் கச்சேரி என்று சொல்லும் இடத்தில், விண்ணப்பம் தொடங்கும். ரைபிள், பிஸ்டல் போன்றவை பாதுகாப்பு அமைச்சின் கையில் உள்ள விடயம். விற்பவரிடம் செல்லுபடியாகும் பத்திரம் இருக்க வேண்டும். வாங்குபவருக்கு முன்கூட்டியே அனுமதி கிடைத்திருக்க வேண்டும். கைமாற்றம் அதிகாரிக்குத் தெரிந்தே நடக்க வேண்டும். "முதலில் எடுத்துக்கொண்டு போங்கள், பத்திரத்தைப் பிறகு மாற்றலாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். அந்த இடைப்பட்ட நாட்களில் உங்கள் வீட்டில் கிடப்பது சட்டவிரோதத் துவக்கு. சட்டமோ இதில் மிகக் கடுமையானது.

பத்திரத்தில் உள்ள இலக்கத்தை இரும்பில் தேடுங்கள். லீ-என்பீல்டின் உடற்பகுதியிலும், போல்ட் கைப்பிடியின் பின்புறத்திலும் ஒரே இலக்கம் வெட்டியிருக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் போல்ட் வேறொரு ரைபிளினுடையது. இதைப் பலர் சின்ன விஷயமாகத் தள்ளிவிடுகிறார்கள். தொழிற்சாலையில் ஒவ்வொரு போல்டையும் அதனதன் உடலோடு தேய்த்து, பொருத்தி, அளந்து பார்த்த பிறகே இலக்கம் வெட்டினார்கள். மாற்றான் வீட்டு போல்ட் மடங்கிப் பூட்டிக்கொள்ளும். சரியாகப் பூட்டிக்கொண்டதா என்பது அளந்து பார்த்தால்தான் தெரியும். இலக்கத்தை அரத்தால் தேய்த்துவிட்டு மேலே புதிதாக வெட்டிய தடம் தெரிந்தால், அந்த ரைபிளைப் பற்றி மேற்கொண்டு பேச்சே வேண்டாம்.

இன்னும் சில முத்திரைகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிரித்தானிய அரசின் சொத்தான ரைபிளில் அகன்ற அம்புக்குறி இருக்கும். முறைப்படி விற்பனைக்கு விட்டபோது இரண்டு அம்புகள் முனையோடு முனை தொடும்படி இன்னொரு முத்திரை அடித்தார்கள். இன்னொன்று டி.பி. என்ற இரண்டு எழுத்துகள். அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் என்று அர்த்தம். பாடசாலைக் கடேற் மாணவர்கள் தோளில் வைத்து நடந்தவை இந்த இனம். தேய்ந்துபோனதால், அல்லது வேண்டுமென்றே துளையிட்டுக் கெடுத்ததால், சுடுவதற்கு ஆகாதென்று ஒதுக்கியவை. அந்த எழுத்துகளுக்கு மேல் மெழுகும் வார்னிஷும் பூசி மறைத்து யாராவது விற்க வந்தால், வாங்குகிறவனின் கண்ணை வைத்து அவர் வியாபாரம் செய்கிறார்.

பிரித்தானியச் சோதனைச்சாலை முத்திரையும் முக்கியம். லண்டனிலும் பேர்மிங்காமிலும் இதற்கென்றே சாலைகள் இருக்கின்றன. லண்டன் துவக்குச் செய்வோர் சங்கத்தின் பட்டயம் 1637இல் கிடைத்தது, பேர்மிங்காம் சாலை 1813இல் வந்தது. வழக்கமான அளவை விடக் கூடுதலான மருந்து வைத்துச் சுட்டுப் பார்த்து, தாங்கினால்தான் முத்திரை விழும். கிரீடத்தின் கீழ் என்.பி. என்றிருந்தால் புகையில்லாத புதிய மருந்துக்கும் தாங்கும் என்று பேர்மிங்காமில் சோதித்தது என்று பொருள். ஆனால் அது சோதித்த அன்றைய நிலை. அதற்குப் பின் யாராவது அறையைக் குடைந்திருந்தால், குழலை வெட்டியிருந்தால், அந்த முத்திரைக்குப் பெறுமதி இல்லை.

இனிக் கையில் எடுக்கலாம். எடுத்தவுடன் முனையை ஆளில்லாத பக்கம் திருப்புங்கள். போல்டைத் திறந்து பின்னுக்கு இழுங்கள். அறைக்குள் கண்ணால் பாருங்கள், பிறகு சுண்டுவிரலை விட்டுத் தடவுங்கள். கீழே தோட்டாப் பெட்டியையும் அப்படியே பாருங்கள். விற்பவர் உங்கள் கண்முன் இப்போதுதான் திறந்து காட்டினார் என்றாலும் நீங்களும் ஒரு தடவை செய்யுங்கள். மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். துவக்கு தெரிந்த ஆள் இதைக் கண்டால் உங்களை மதிப்பார். கோபிக்கிற ஆளிடம் துவக்கு வாங்காதீர்கள்.

போல்டை முழுதாகக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். அழுத்தத்தைத் தாங்குகிற புடைப்புகள் எங்கே என்று பாருங்கள். மவுசரில் முன்முனையில் இரண்டு பெரிய புடைப்புகள். பின்னால் காப்புக்கென்று மூன்றாவது ஒன்று. லீ-என்பீல்டில் பூட்டுகிற இடம் பின்னால். எந்த வகையானாலும் புடைப்பின் பின்முகத்தில் உரசிய பளபளப்பு இருக்கும். இரு பக்கத்திலும் அந்தப் பளபளப்பு ஏறத்தாழ ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று மினுங்கி மற்றது கறுப்பாகவே இருந்தால், முழுச் சுமையையும் ஒரு பக்கமே இத்தனை காலமாகத் தாங்கி வந்திருக்கிறது. புடைப்பு தண்டோடு சேரும் மூலையில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். மயிரிழை விரிசல் ஒன்று இருந்தாலும் கதை முடிந்தது. ஒட்டவைக்கலாம், வெல்டிங் பிடிக்கலாம் என்று சொல்லுகிற பட்டறைக்காரர்களை நான் அறிவேன். சுட்டுப் பதப்படுத்திய உருக்கில் வெல்டிங் வைத்தால் அந்தச் சூட்டில் பதம் போய்விடும். போல்டில் எந்த வெல்டிங் வடுவையும் ஏற்றுக்கொள்ளக்கூடாது.

போல்டின் முகத்தில் நடுவே ஊசித்துளை. அதைச் சுற்றி அம்மை வடு மாதிரிக் குழிகள் வட்டமாக இருந்தால், தோட்டாவின் அடிக்குமிழ் வழியாகச் சூடான வாயு பலமுறை பின்னால் கசிந்திருக்கிறது. ஊசியை வெளியே தள்ளிப் பார்த்தால் ஒரு மில்லிமீற்றர் அளவு நீண்டு, முனை உருண்டு மழமழப்பாக இருக்க வேண்டும். கூராகவோ உடைந்தோ இருந்தால் குமிழைக் குத்திப் பொத்தலாக்கும். கோதை இழுத்து வெளியே எடுக்கும் கொக்கியை விரலால் நெம்பிப் பாருங்கள், வில்லு உயிரோடு இருக்க வேண்டும். கொக்கி தேய்ந்தால் மாற்றலாம், அதற்காக ரைபிளை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது சொல்லப் போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். தோட்டா அறையில் உட்கார்ந்த பிறகு அதன் அடிக்கும் போல்டின் முகத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறது? .303 தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு. அந்த விளிம்பு உட்காரும் இடத்திலிருந்து போல்ட் முகம் வரை குறைந்தது 0.064 அங்குலம், கூடினால் 0.074 அங்குலம் என்று இராணுவக் கணக்கு. அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு விளையாட்டுத்தான் அனுமதி. இதைக் கண்ணாலோ விரலாலோ யாராலும் சொல்ல முடியாது. அளவுகோல் கட்டைகள் இரண்டு இருக்கின்றன: ஒன்றை வைத்தால் போல்ட் மூட வேண்டும், மற்றதை வைத்தால் மூடக்கூடாது. ஒரு நிமிட வேலை. அந்தக் கட்டை வைத்திருக்கும் ஆயுதத் திருத்துநரிடம் கொண்டுபோகச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

அளவு கூடினால் என்ன நடக்கும்? ஊசி அடிக்கும்போது தோட்டா முன்னுக்குத் தள்ளுப்படும். மருந்து எரிந்து அழுத்தம் எழுந்ததும் பித்தளைக் கோதின் முன்பாதிச் சுவர் மெல்லியது ஆகையால் விரிந்து அறையின் சுவரைப் பற்றிக்கொள்ளும். அடிப்பாகம் தடித்தது, அது பின்னால் போல்டை நோக்கித் தள்ளப்படும். முன்பாதி நகராது, பின்பாதி நகரும். நடுவில் உள்ள பித்தளை இழுபடும், மெலியும், ஒரு நாள் அறுந்துவிடும். அறுந்த இடத்தால் வாயு வெளியேறுவது சுடுகிறவரின் முகத்துப் பக்கம்.

அளவுகோல் கட்டை கிடைக்கும்வரை இதற்கு ஒரு சாட்சி உண்டு. அந்த ரைபிளில் சுட்ட வெற்றுக் கோது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அடியிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு மேலே, சுற்றிவர ஒரு பளபளப்பான வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு மெல்லிய கம்பியொன்றின் நுனியைச் சற்றே வளைத்துக் கூராக்கி, கோதின் வாய்வழியாக உள்ளே விட்டு, அடியிலிருந்து மேல்நோக்கிச் சுவரோடு உரசியபடி மெதுவாக இழுங்கள். நல்ல கோதில் கம்பி வழுக்கிக்கொண்டு வரும். இழுபட்ட கோதில், வெளியே வளையம் தெரிந்த அதே உயரத்தில், நுனி ஒரு பள்ளத்தில் விழுந்து தட்டும். அந்தத் தட்டலை ஒரு தடவை விரலில் உணர்ந்தவருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. சரியான கோதிலும் மெல்லிய தடம் சில வேளை இருக்கும். பள்ளம் இருந்தால் அந்த ரைபிளை அளக்காமல் இன்னொரு தோட்டா போடக்கூடாது.

இவ்வளவும் சரி என்றான பிறகு குழலுக்கு வாருங்கள். ஹேவாஹெட்ட பக்கம் மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் ஒரு பழைய .303ஐப் பற்றி யோசனை கேட்டபோது, "அண்ணே, குழல் பளபளன்னு இருக்கு, இன்னும் என்னத்த பாக்கணும்?" என்றார். போல்டைக் கழற்றிவிட்டு, முனைக்கு முன்னால் வெள்ளைக் கடதாசியொன்றைப் பிடித்து, அதில் டோர்ச் வெளிச்சம் அடித்து, பின்பக்கத்திலிருந்து பார்க்கச் சொன்னேன். "தம்பி, எண்ணெய் போட்டுத் துடைச்சா எந்தக் குழலும் பளபளக்கும். எண்ணெயைத் துடைச்சிட்டுப் பாருங்க" என்றேன். உலர்ந்த துணியால் துடைத்த பிறகு முன்பாதியில் கறுப்புப் புள்ளிகள் வரிவரியாகத் தெரிந்தன.

அந்தப் புள்ளிகளுக்கு நம் மழையை மட்டும் குறை சொல்லக்கூடாது. பழைய .303 தோட்டாக்களின் குமிழில் குளோரேட் உப்பு கலந்த மருந்து இருந்தது. சுட்டபின் குழலுக்குள் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைட். நம் சமையல் உப்பின் ஒன்றுவிட்ட சகோதரம். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் குடித்து இரும்பைத் தின்னும். எண்ணெயில் உப்பு கரையாது. ஆகவே சுட்ட அன்றிரவு நன்றாக எண்ணெய் பூசி வைத்தவரின் குழலும் எண்ணெய்க்கு அடியில் அரித்துக்கொண்டே இருந்தது. கொதிநீர் ஊற்றிக் கழுவினால் மட்டுமே உப்புப் போகும். பிரித்தானியப் படை அதற்கென்றே ஒரு புனலைக் கொடுத்திருந்தது. கண்டி கடல்மட்டத்திலிருந்து 500 மீற்றர் அளவு உயரத்தில் இருக்கிறது, இரண்டு பருவமழையிலும் நனைகிற ஊர். தோலுறைக்குள் போட்டு அலுமாரியில் நிறுத்திய ரைபிள் இங்கே என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசியுங்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்து இரும்புக்கு ஊட்டும்.

இன்னொரு சேதம் அறைக்குச் சற்று முன்னால், வரிகள் தொடங்கும் கழுத்தில் வரும். பழைய தோட்டாக்களில் இருந்தது கோர்டைட். முதல் வகையில் 58 விழுக்காடு நைட்ரோகிளிசரின். எரிசூடு அதிகமாகிக் குழல்கள் சீக்கிரம் தின்னுப்பட்டதால் பிறகு 30 விழுக்காடாகக் குறைத்தார்கள். கழுத்தில் வரிகளின் விளிம்பு கூராக இல்லாமல் கரைந்து, மேற்பரப்பு வரண்ட குளத்துத் தரை போல வெடித்திருந்தால் நிறையச் சுட்ட குழல். என்பீல்ட் குழலில் வழக்கமாக ஐந்து வரிப்பள்ளங்கள், இடப்பக்கமாகத் திரும்பி, பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று வரும். போர்க்காலத்தில் அவசரத்துக்குச் செய்த சிலவற்றில் இரண்டே பள்ளங்கள். அதைக் கண்டு பழுது என்று நினைக்க வேண்டாம்.

குழலுக்குள் எங்காவது நிழல் வளையம் ஒன்று தெரிந்தால் அது புள்ளியை விட மோசம். ஏதோ அடைத்திருந்தபோது சுட்டதில் குழல் அந்த இடத்தில் உப்பியிருக்கிறது. உறுதிப்படுத்த, துணி சுற்றிய கோலை மெதுவாகத் தள்ளுங்கள். ஒரே இறுக்கமாகப் போய்க்கொண்டிருந்த கோல் ஓரிடத்தில் திடீரென்று லேசாகி மறுபடி இறுகினால் அங்கேதான் உப்பல். இதற்கு மருந்து குழலை மாற்றுவதுதான்.

முனையின் விளிம்பையும் பாருங்கள். கயிறு கட்டிய துணியைத் தினமும் ஒரே பக்கமாக இழுத்துத் துடைத்ததில் முனை ஒரு பக்கம் தேய்ந்து முட்டை வடிவாகியிருக்கும். ரவை கடைசியாகத் தொடுகிற இடம் அது. உள்ளே மோசமில்லாத குழலும் முனை கெட்டால் சிதறிச் சுடும். நல்ல திருத்துநர் முனையை மட்டும் புதிதாக வெட்டிக் கொடுப்பார், ஆகவே இதை விலை குறைக்கும் குறையாக மட்டும் வையுங்கள். சில புள்ளிகள் உள்ள குழலும் அப்படித்தான். கொஞ்சம் அரித்த குழல்கள் பல நன்றாகவே சுடுகின்றன. போல்டில் விட்டுக்கொடுக்கக் கூடாது, குழலில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

மரத்துக்கு அடியில் ஒளிந்திருப்பதை அடுத்ததாகப் பாருங்கள். குழலின் மேல் உள்ள மரமூடியைக் கழற்றச் சொல்லுங்கள். வெளியே நீலக்கறுப்பாக மினுங்கும் குழல், மரம் மறைக்கும் கோட்டுக்குக் கீழே அரித்துக் குழிவிழுந்து கிடப்பது நம் ஈரமான ஊர்களில் அடிக்கடி காணக்கூடியது. மேற்பூச்சைப் புதுப்பித்து விற்கிறவர் பலர் அந்தக் கோடு வரைக்கும்தான் வேலை செய்கிறார்கள். கை பிடிக்கும் ஒடுங்கிய இடத்தில், இரும்பு முடிந்து மரம் தொடங்கும் மூலையிலிருந்து பின்னோக்கி ஓடும் வெடிப்பும் கவனிக்க வேண்டியது. அங்கே மரம் எண்ணெய் குடித்துக் கறுத்து மென்மையாகியிருந்தால் ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு பின்னால் நகர்ந்து மரத்தைப் பிளக்கும்.

விசையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெறும் ரைபிளில் போல்டை மூடி, காப்புப் பூட்டைப் போட்டு, விசையைப் பலமாக அழுத்தி விடுங்கள். பிறகு விசையைத் தொடாமல் காப்பை எடுங்கள். அப்போது ஊசி விழுந்தால் அது ஆளைக் கொல்லும் பழுது. தடித்த ரப்பர் விரிப்பில் அடியால் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள், விழக்கூடாது. யாரோ அரத்தால் தேய்த்து மென்மையாக்கிய விசை என்றால் இந்தச் சோதனையிலேயே தெரிந்துவிடும்.

இவ்வளவும் பார்த்துத் திருப்தி என்றால், தோட்டா கிடைக்குமா என்ற கேள்வி மிச்சம். தோட்டா கிடைக்காத ரைபிள் சுவரில் மாட்டுகிற இரும்பு. இந்தியாவில் இதற்கு ஒரு கதை உண்டு. .303 இராணுவத் தோட்டா என்பதால் பொதுமக்களுக்குத் தடை. ஆகவே இஷாப்பூர் தொழிற்சாலை அதே லீ-என்பீல்ட் உடலில் .315 என்ற 8 மில்லிமீற்றர் தோட்டாவுக்கான வேட்டை ரைபிளைச் செய்து விற்றது. பார்வைக்கு இரண்டும் ஒரே சாயல். முத்திரையை வாசிக்காமல் ஒன்றின் தோட்டாவை மற்றதில் போட நினைப்பது பேராபத்து. குழலில் வெட்டியிருக்கும் அளவும் தோட்டாவின் அடியில் அடித்திருக்கும் எழுத்தும் எழுத்துக்கெழுத்து ஒத்துப்போக வேண்டும்.

விற்பவர் சொல்லும் கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். இன்ன துரை சிறுத்தை சுட்டது, இன்ன பங்களாவில் இருந்தது என்பார்கள். கோர்பெட்டின் ரிக்பியின் பிடியில், யார் எதற்காகக் கொடுத்தது என்று பொறித்த வெள்ளித் தகடு இருக்கிறது. அப்படி ஏதாவது இருந்தால் காட்டட்டும்.

இனி என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். கண்டியைச் சுற்றி மிளகு, கராம்பு, தென்னை, மரவள்ளி வைத்திருப்பவர் காட்டுப்பன்றிக்காக ரைபிள் தேடினால், வேண்டாம் என்றே சொல்வேன். .303 ரவை மூன்று கிலோமீற்றருக்கு மேல் பறக்கக்கூடியது. நம் சரிவுகளில் ஒரு தோட்டத்துக்குக் கீழே இன்னொரு தோட்டம், அதற்குக் கீழே லயன், அதற்குக் கீழே பாதை. மேல்நோக்கிச் சுட்டால் மலை விளிம்பைத் தாண்டிப் போய் எங்கே விழும் என்று சுட்டவருக்கே தெரியாது. வேட்டை என்ற பெயரிலும் இங்கே ரைபிளுக்கு வேலை இல்லை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் யானை, சிறுத்தை, மரை எல்லாவற்றையும் காக்கிறது. விலங்குகள் அழிவதைக் கண்டு 1894இல் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியவர்களில் வேட்டைக்காரத் துரைமாரே இருந்தார்கள். நக்கிள்ஸ் மலையில் மிச்சமிருக்கும் மரைகள் எவருடைய குறிக்கும் உரியவை அல்ல. துப்பாக்கி சுடும் போட்டிக்கு என்றாலோ, குடும்பத்துப் பழம்பொருளை முறைப்படி வைத்திருக்க என்றாலோ ரைபிள் சரி.

பயிர்க் காவலுக்கு அனுமதி கிடைப்பது 12 போர் சொட்கன். அதன் சன்னங்கள் சில நூறு மீற்றரில் விழுந்துவிடும். பழைய சொட்கன் பார்ப்பதும் பின்பக்கத்தில்தான் தொடங்குகிறது. முன்மரத்தைக் கழற்றிவிட்டு, மூடிய நிலையில் குழலைப் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் கீல் தேய்ந்துவிட்டது. குழல் முடியும் இடத்தில் வெளிச்சக் கீற்றுத் தெரிந்தாலும் அதே நோய். இரட்டைக் குழலைக் கழற்றி, அடிக் கொக்கியில் ஒரு விரலால் தொங்கவிட்டு, மரக்குச்சியால் லேசாகத் தட்டுங்கள். கணீர் என்று நீண்டு ஒலித்தால் நல்லது. தட்டென்று செத்த ஓசை வந்தால் இரண்டு குழலையும் சேர்த்த ஈயப்பற்று விட்டிருக்கிறது. குழலில் நெளிநெளியாகக் கோலம் தெரிந்தால் அது இரும்பையும் உருக்கையும் முறுக்கிச் செய்த பழைய வகை; புதிய தோட்டாவை அதில் போட வேண்டாம்.

எல்லோரும் தவறவிடுவது அறையின் நீளம். பழைய ஆங்கிலச் சொட்கன்கள் பலவற்றில் அது 2½ அங்குலம், 65 மில்லிமீற்றர் வகை என்று சொல்வது. இன்று கிடைக்கும் தோட்டாக்கள் பெரும்பாலும் 70 மில்லிமீற்றர். மடித்து மூடிய தோட்டா சின்ன அறைக்குள் சிரமமில்லாமல் போய்விடும், அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. வெடித்ததும் மடிப்பு விரிந்து குழலின் ஒடுங்கிய கழுத்துக்குள் நீளும், வழி சிறுக்கும், அழுத்தம் ஏறும். குழலின் அடிப்பக்கம் திருப்பி அறை அளவை வாசித்துவிட்டே தோட்டா வாங்குங்கள்.

பட்டறையில் தண்ணீர்க் குழாயை வைத்துச் செய்யும் கல்கட்டாஸையோ, பன்றி வரும் பாதையில் கம்பி இழுத்துக் கட்டி வைக்கும் கட்டுத்துவக்கையோ நான் துவக்கு என்று கணக்கெடுக்கவில்லை. கட்டுத்துவக்கு பன்றிக்கும் கொழுந்தெடுக்கப் போகும் பெண்ணுக்கும் வித்தியாசம் பார்க்காது. விறகுக்குப் போனவர்களின் காலைப் பறித்ததாகப் பத்திரிகையில் எத்தனை முறை வாசிக்கிறோம். அதற்குப் பதிலாக முறையான சொட்கனும் பத்திரமும் வேண்டும் என்று கேட்கும் விவசாயியின் நியாயத்தை நான் முழுதாக ஏற்கிறேன்.

அந்தப் பத்திரம் உரிமை அல்ல, சலுகை என்பதையும் மறக்கக் கூடாது. 2024 நவம்பர் 7க்குள் தனிநபர் பாதுகாப்புக்கெனக் கொடுத்த துவக்குகளை வெலிசறைக் கடற்படை முகாமில் ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு கேட்டது. கொடுத்த அரசு திரும்பக் கேட்கலாம். பெரிய தொகை போட்டு வாங்க நினைப்பவர் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அப்பாவோ தாத்தாவோ வைத்திருந்த துவக்கு அவர்கள் இறந்த பிறகும் பரணில் கிடக்கிற வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். அதை எடுத்துச் சுட்டுப் பார்க்காதீர்கள், யாருக்கும் விற்க முயலாதீர்கள், பழுது பார்க்கப் பட்டறைக்கும் கொண்டுபோகாதீர்கள். உங்கள் பெயரில் பத்திரம் இல்லாதவரை அது உங்கள் துவக்கு அல்ல. முதலில் பொலிஸ் நிலையத்துக்குப் போய் விடயத்தைச் சொல்லி, அவர்கள் சொல்கிற முறையில் ஒப்படையுங்கள். உங்கள் பெயருக்கு மாற்ற முடியுமென்றால் அதற்கு அங்கிருந்தே வழி தொடங்கும். பத்திரம் கைக்கு வந்த பிறகு, முதல் தோட்டாவைப் போடுவதற்கு முன், போல்டையும் அறையையும் அளவுகோல் உள்ள ஒருவரிடம் காட்டி அளந்துகொள்ளுங்கள்.